எழாத மூன்றாவது கோடு

2020-ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் மில்டன் கீன்ஸ், ஆல்டர்லி பார்க், கிளாஸ்கோ ஆகிய இடங்களில் பிரிட்டன் நடத்திவந்த பெரிய கரோனா பரிசோதனைக் கூடங்களின் கணினித் திரைகளில் ஒரு குறை திரும்பத் திரும்பத் தென்பட்டது. தொற்று உள்ள மாதிரி என்றால் திரையில் மூன்று கோடுகள் மேலேற வேண்டும். பல மாதிரிகளில் இரண்டு கோடுகள் மளமளவென்று ஏறின. மூன்றாவது தரையோடு தரையாகக் கிடந்தது. விதிப்படி இரண்டு ஏறினாலே ‘பாசிட்டிவ்’தான். நோயாளியின் கைக்குப் போகும் முடிவில் ஒரு மாற்றமும் இல்லை. ஆனால், ஆல்பா என்று பின்னாளில் பெயர் பெற்ற திரிபை மாவட்டம் மாவட்டமாகப் பின்தொடர உதவியது அந்த எழாத கோடுதான்.

அங்கே பயன்பாட்டில் இருந்தது தெர்மோ ஃபிஷர் நிறுவனத்தின் ‘டாக்பாத்’ என்ற பரிசோதனைக் கிட். ஆர்டி-பிசிஆர் பரிசோதனை வைரஸின் மரபணுத் தொகுதி முழுவதையும் படிப்பதில்லை. அதில் சில சிறு துண்டுகளை மட்டும் குறிவைத்து, அவற்றைப் பல மடங்கு பெருக்கிக் காட்டும். டாக்பாத் குறிவைத்த இடங்கள் மூன்று: ஓஆர்எஃப்1ஏபி, என், எஸ். இவற்றில் எஸ் என்பது வைரஸின் மேலே முள்முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்பைக் புரதத்துக்கான மரபணு. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு புரோப் உண்டு. புரோப் என்பது அந்தத் துண்டின் எழுத்து வரிசையோடு அப்படியே ஒட்டிக்கொள்ளும்படி தயாரிக்கப்பட்ட குட்டி இழை. அதில் ஒளிரும் சாயம் ஏற்றியிருப்பார்கள். மூன்று புரோப்களுக்கும் மூன்று வேறு சாயங்கள். துண்டு பெருகப் பெருகச் சாயம் ஒளிரும். ஒளி கூடக் கூடக் கோடு ஏறும். எத்தனையாவது சுற்றில் கோடு எல்லையைத் தாண்டுகிறதோ அதுதான் ‘சிடி’ மதிப்பு. பெருந்தொற்றுக் காலத்தில் நம் வீடுகளிலும் “சிடி வேல்யூ எவ்வளவு?” என்று விசாரித்தோமே, அதே எண்தான். ஒவ்வொரு சுற்றிலும் துண்டுகள் ஏறக்குறைய இரட்டிப்பாவதால், சிடி 20 உள்ள மாதிரியில் சிடி 30 உள்ள மாதிரியைவிடச் சுமார் ஆயிரம் மடங்கு வைரஸ் சரக்கு இருக்கும்.

கரோனா வைரஸின் மரபணுத் தொகுதி ஏறத்தாழ 29,900 எழுத்து நீளம். ஆல்பா திரிபில் ஸ்பைக் மரபணுவிலிருந்து ஆறே ஆறு எழுத்துகள் உதிர்ந்துபோயிருந்தன. அதனால் ஸ்பைக் புரதத்தில் 69, 70-ஆவது இடங்களில் இருக்க வேண்டிய இரண்டு அமினோ அமிலங்கள் இல்லை. டாக்பாத்தின் எஸ் புரோப் ஒட்ட வேண்டிய இடமும் அதுவேதான். சட்டைப் பொத்தானை ஒரு ஓட்டை தள்ளிப் போட்டுவிட்டால் அதற்குப் பிறகு எதுவும் பொருந்தாது அல்லவா, அந்தக் கதிதான் புரோப்புக்கும். துண்டு பெருகினாலும் புரோப் ஒட்டாது, சாயம் ஒளிராது, கோடு எழாது. மற்ற இரண்டு கோடுகளும் வழக்கம்போல ஏறும். இதைத்தான் ‘எஸ் ஜீன் டிராப்’ என்றார்கள்.

இது யாரும் திட்டமிட்டு வைத்த பொறி அல்ல என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். கிட்டை வடிவமைத்தவர்கள் 2020 தொடக்கத்தில் கையில் இருந்த வைரஸ் வரிசைகளை வைத்து, மாறாது என்று நம்பிய இடங்களில் புரோப்களை அமைத்தார்கள். ஒன்று தவறினாலும் மற்றவை காப்பாற்றட்டும் என்றுதான் மூன்று இடங்கள். வைரஸ் போய் அந்த மூன்றில் ஒன்றிலேயே மாறியது. தற்செயல்தான். தற்செயலைப் பயனாக மாற்றியது அதன் பிறகு நடந்த வேலை.

நவம்பரில் இங்கிலாந்து இரண்டாவது ஊரடங்கில் இருந்தது. மற்ற இடங்களில் தொற்று இறங்க, தென்கிழக்கில் கென்ட் வட்டாரத்தில் மட்டும் ஏறிக்கொண்டே போனது. பொதுச் சுகாதாரத் துறையினர் காரணத்தைத் தேடினார்கள். ஷாரன் பீகாக் தலைமையிலான ‘காக்-யூகே’ கூட்டமைப்பு அதற்கு முன்பே வைரஸ் மாதிரிகளின் முழு மரபணுவையும் படித்துச் சேமித்துவந்தது. அந்தக் குவியலில் தேடியபோது கென்ட் மாதிரிகளில் பெரும் பங்கு ஒரே குடும்பத்தைச் சேர்ந்தது தெரிந்தது. அந்தக் குடும்பத்தின் மிகப் பழைய மாதிரி செப்டம்பர் 20 அன்று எடுக்கப்பட்டது. ஆக, திரிபை அடையாளம் கண்டது மரபணு வரிசையாக்கம்தான், பிசிஆர் அல்ல. இதை மறந்துவிட்டுப் பிசிஆருக்கு மாலை போடுவது நியாயமில்லை.

ஆனால் வரிசையாக்கத்துக்கு நாள் பிடிக்கும். அன்று அது எட்டியது பாசிட்டிவ் மாதிரிகளில் ஒரு சிறு பகுதியைத்தான். பிசிஆரோ தினமும் பல்லாயிரம் பேருக்கு எப்படியும் நடக்கிறது. அந்த மூன்று கூடங்களின் பழைய கோப்புகளைத் திறந்து ‘எஸ் மட்டும் எழாதவை எத்தனை’ என்று எண்ணினால் போதும். எந்த மாவட்டத்தில் எந்த வாரம் திரிபு நுழைந்தது, எவ்வளவு வேகமாக மற்றதைத் தள்ளிக்கொண்டு வளர்ந்தது என்பது வரைபடமாக வந்துவிடும். புதுச் செலவு எதுவும் இல்லை. டிசம்பர் 19 அன்று பிரதமர் போரிஸ் ஜான்சன் தொலைக்காட்சியில் தோன்றி, இந்தத் திரிபு 70 சதவீதம் வரை கூடுதலாகப் பரவக்கூடும் என்று சொல்லி, லண்டனையும் தென்கிழக்கையும் பூட்டினார். அதே மாதக் கடைசியில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் அந்நாட்டின் முதல் ஆல்பா தொற்றாளரைக் கண்டறிந்ததும் இதே தடயத்தை வைத்துத்தான். மாநில ஆய்வகத்தில் எஸ் எழவில்லை. சந்தேகப்பட்டு வரிசையாக்கம் செய்தார்கள். சந்தேகம் சரியாக இருந்தது.

ஆல்பா அதிகம் பரவியது மட்டுமல்ல, அதிகம் கொன்றது என்பதும் இந்த வழியில்தான் உறுதியானது. 2021 மார்ச்சில் பிஎம்ஜே இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. எஸ் எழாத 54,906 பேரை, வயது, பாலினம், ஊர், பரிசோதித்த காலம் எல்லாம் ஒத்துப்போகிற, எஸ் எழுந்த 54,906 பேரோடு ஜோடி சேர்த்துப் பார்த்தார்கள். முதல் கூட்டத்தில் இறந்தவர்கள் 227 பேர். இரண்டாவதில் 141 பேர். இவ்வளவு பேரின் மாதிரிகளையும் வரிசையாக்கம் செய்து இதைக் கண்டுபிடிப்பது அன்றைய நிலையில் நடக்கிற காரியமல்ல. எழுந்த கோடு, எழாத கோடு என்ற ஒரே வேறுபாடு அத்தனை பேரையும் இரண்டாகப் பிரித்துக் கொடுத்துவிட்டது.

இங்கே ஒரு எச்சரிக்கை. எஸ் எழாத மாதிரி எல்லாம் ஆல்பா அல்ல. அந்த ஆறு எழுத்து இழப்பு வேறு சில வைரஸ் குடும்பங்களிலும் தனித்தனியாக ஏற்பட்டிருக்கிறது. டென்மார்க்கில் மிங்க் பண்ணைகளிலிருந்து மனிதர்களுக்கு வந்து, அரசைக் கலங்கடித்த வைரஸிலும் அது இருந்தது. பிரிட்டனில் அக்டோபர் தொடக்கத்தில் எஸ் எழாதவற்றில் ஆல்பா நூற்றுக்குச் சிலதான். நவம்பர் முடிவில் 90-க்கும் மேல். ஒரே தடயம், இரண்டு மாதத்தில் பொருளே வேறு. இன்னொன்று, வைரஸ் மிகக் குறைவாக உள்ள மாதிரியில் எந்தத் திரிபாக இருந்தாலும் ஏதாவது ஒரு கோடு எழாமல் போகலாம். அதனால்தான் மற்ற இரண்டு கோடுகளின் சிடி 30-க்குள் இருக்கும் மாதிரிகளை மட்டும் கணக்கில் எடுத்தார்கள். தடயம் தடயமாக இருக்கும்வரை நல்லது. அதையே தீர்ப்பாக்கினால் வம்பு.

பரிசோதனை திணறும் இடத்தில் புதிய கிருமி அகப்படுவது கரோனாவோடு தொடங்கியதல்ல. 2009 மார்ச் இறுதியில் கலிஃபோர்னியாவின் சான் டியேகோ பகுதியில் 10 வயதுச் சிறுவனுக்குக் காய்ச்சல். பெரிதாக ஒன்றுமில்லை, தானாகவே சரியாகிவிட்டது. சோதனை ஓட்டத்தில் இருந்த ஒரு புதிய பரிசோதனைக் கருவியில் அவனுடைய மாதிரியைப் போட்டுப் பார்த்தார்கள். இன்ஃப்ளூயன்சா ஏ என்றது கருவி. ஆனால் மனிதர்களிடம் அப்போது சுற்றிக்கொண்டிருந்த எச்1, எச்3 வகைகள் எதிலும் அதைச் சேர்க்க முடியவில்லை. ‘ஏ வகைதான், ஆனால் எந்த வகையும் இல்லை’ என்ற இந்தக் குழப்பமான முடிவைக் கருவியின் கோளாறு என்று ஒதுக்காமல் மேல் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். ஏப்ரல் 15 அன்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அது பன்றிகளிலிருந்து வந்த வைரஸ் என்று உறுதிசெய்தது. இரண்டு நாளில் பக்கத்து மாவட்டத்துச் சிறுமி ஒருத்தியிடமும் அதே வைரஸ். இரண்டு குழந்தைகளுக்கும் ஒருவரையொருவர் தெரியாது; இருவரும் பன்றியின் பக்கம் போனவர்களும் அல்ல. நாம் பன்றிக் காய்ச்சல் என்று அழைத்த எச்1என்1 பெருந்தொற்று உலகுக்குத் தெரியவந்தது இப்படித்தான்.

இந்த விஷயத்தில் உலகத்துக்கே பாடம் எடுத்த நாடு என்று நான் சொல்வது தென்னாப்பிரிக்காவைத்தான். 2021 நவம்பரில் அங்கே டெல்டா அலை அடங்கி, நாடு முழுவதும் நாளொன்றுக்குச் சில நூறு பேருக்குத்தான் தொற்று. டெல்டாவில் அந்த ஆறு எழுத்து இழப்பு இல்லை. எனவே எஸ் கோடு ஒழுங்காக எழும். இந்த நிலையில் லான்செட் லேபரட்டரிஸ் என்ற தனியார் பரிசோதனை நிறுவனத்தில், ஜோகன்னஸ்பர்க்கும் பிரிட்டோரியாவும் அமைந்த கௌடெங் மாகாணத்திலிருந்து வந்த மாதிரிகளில் எஸ் மறுபடியும் எழாமல் போகத் தொடங்கியது. ஆல்பா அங்கே ஏற்கெனவே மறைந்துவிட்ட சரக்கு. அப்படியானால் இது என்ன? நிறுவனத்தின் அறிவியல் பிரிவுத் தலைவர் ராக்கெல் வியானா எட்டு மாதிரிகளை எடுத்து நவம்பர் 19 அன்று வரிசையாக்கம் செய்தார். ஸ்பைக்கில் மட்டும் 30-க்கும் மேற்பட்ட மாற்றங்கள். வேலையில் எங்கோ பிழை நேர்ந்துவிட்டதோ என்றுதான் முதலில் நினைத்திருக்கிறார். தேசிய தொற்றுநோய் நிறுவனத்தில் இருந்த சகாக்களை அழைத்தார். அவர்கள் வார இறுதியில் உட்கார்ந்து சரிபார்த்தார்கள். பிழை இல்லை. பக்கத்து நாடான போட்ஸ்வானாவில் சிகுலில மோயோவின் குழுவும் அதே விசித்திரத்தைத் தனியாகக் கண்டிருந்தது. நவம்பர் 24 அன்று உலக சுகாதார நிறுவனத்துக்குத் தகவல் போனது. மறுநாள் தென்னாப்பிரிக்க விஞ்ஞானி துலியோ டி ஒலிவேரா செய்தியாளர்கள் முன் அறிவித்தார். நவம்பர் 26 அன்று ஒமிக்ரான் என்று பெயர் வைத்தாயிற்று.

எட்டு மாதிரியிலிருந்து பெயர்சூட்டல் வரை ஒரே வாரம். பணக்கார நாடுகள் இதற்குக் கொடுத்த பரிசு, தென்னாப்பிரிக்க விமானங்களுக்குத் தடை. கண்டுபிடித்துச் சொன்னவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால் அடுத்தமுறை யார் வாயைத் திறப்பார்கள்? இந்தக் கேள்வி அன்று ஆப்பிரிக்காவில் பலமாக எழுந்தது. இன்றுவரை அதற்கு நேர்மையான பதில் இல்லை.

அந்த டிசம்பரில் தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களிலும் ‘எஸ் ஜீன் டிராப்’ அன்றாடச் சொல்லாகிவிட்டது. வெளிநாட்டிலிருந்து வந்தவர்களில் தொற்று உள்ளவர்களை டாக்பாத் கிட்டில் பார்த்து, எஸ் எழாதவர்களை ஒமிக்ரான் சந்தேகப் பட்டியலில் சேர்த்தார்கள், அமைச்சர் மா.சுப்பிரமணியன் தினமும் அந்த எண்ணிக்கையைச் சொல்லிக்கொண்டிருந்தார். டிசம்பர் 15 அன்று உறுதியான மாநிலத்தின் முதல் ஒமிக்ரான் தொற்றும் நைஜீரியாவிலிருந்து வந்த பயணியின் மாதிரியில் எஸ் எழாததால் சந்தேகிக்கப்பட்டு, பிறகு வரிசையாக்கத்தில் உறுதிசெய்யப்பட்டதுதான். அந்த மாதக் கடைசியில் டாடா நிறுவனத்தின் ‘ஓமிஷ்யூர்’ கிட்டுக்கு ஐசிஎம்ஆர் அனுமதி கொடுத்தது. எஸ் மரபணுவின் ஓர் இடம் எழாமல் போவதையும், இன்னோர் இடத்தில் ஒமிக்ரானுக்கே உரிய மாற்றம் இருப்பதையும் சேர்த்துப் பார்க்கும் கிட் அது. தற்செயலாக வாய்த்த தோல்வியை இப்போது வேண்டுமென்றே வடிவமைத்துவிட்டார்கள்.

ஆனால் வைரஸ் நம் கிட்டுக்கு ஏற்றபடி நடந்துகொள்ளும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறதா என்ன? ஒமிக்ரானின் தம்பியான பிஏ.2-இல் அந்த ஆறு எழுத்துகளும் பத்திரமாக இருந்தன, எஸ் எழுந்தது. உடனே ‘மறைந்து தாக்கும் ஒமிக்ரான்’ என்று பத்திரிகைகள் பீதி கிளப்பின. பிசிஆரில் அது அழகாகப் பாசிட்டிவ் என்றே வந்தது; மறைந்தது அந்தக் குறுக்குவழி மட்டும்தான். சில மாதம் கழித்து வந்த பிஏ.4, பிஏ.5 இரண்டிலும் எழுத்துகள் மறுபடி இல்லை. குறுக்குவழி திரும்ப வேலை செய்தது. ஒமிக்ரானுக்கு முன்பே, 2021 ஏப்ரல், மே மாதங்களில் பிரிட்டனில் கணக்கு தலைகீழாக ஓடியது. ஊரெல்லாம் ஆல்பா, எஸ் எழாது, திடீரென்று எஸ் எழுகிற மாதிரிகள் கூடின, வந்தது டெல்டா.

டெல்டா என்றதும் நம் நாட்டுக் கதையைச் சொல்லாமல் போக முடியாது. 2020 டிசம்பரில் பத்து ஆய்வகங்களோடு தொடங்கிய இன்சாகாக் அமைப்பு, பாசிட்டிவ் மாதிரிகளில் 5 சதவீதத்தை வரிசையாக்கம் செய்வதாக இலக்கு வைத்தது. இரண்டாம் அலை திரண்ட மாதங்களில் அதன் பக்கத்தில்கூடப் போக முடியவில்லை. டெல்டாவோ எஸ் கோட்டில் எந்த அறிகுறியும் காட்டாத திரிபு. அதை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்ட இந்தப் பிசிஆருக்கு வழியில்லை. குறுக்குவழி இருக்கிறது, வரிசையாக்கத்தை மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் 2021 ஏப்ரலை ஒருமுறை நினைத்துப் பார்ப்பது நல்லது.

எழாத கோட்டுக்கு ஒரு கொடூரமான முகமும் உண்டு. அதைப் பார்க்க ஸ்வீடனுக்குப் போக வேண்டும். 2006-இல் அந்நாட்டின் ஹால்லாண்ட் மாகாணத்தில் கிளமிடியா என்ற பால்வினைத் தொற்று கால்வாசி குறைந்துபோனது. மகிழ்ச்சியான செய்திதானே? சந்தேகப்பட்டுத் தோண்டியவர்கள் கண்டது வேறு. அந்தப் பாக்டீரியாவின் பிளாஸ்மிட் என்ற மரபணு வளையத்தில் 377 எழுத்துகள் உதிர்ந்திருந்தன. அபோட், ரோஷ் நிறுவனங்களின் பரிசோதனைகள் குறிவைத்தது சரியாக அதே இடத்தை. அவற்றுக்கு மாற்றுக் குறி எதுவும் கிடையாது. முடிவு ‘நெகட்டிவ்’. தொற்று உள்ளவர்கள் தமக்கு ஒன்றுமில்லை என்று நம்பி, சிகிச்சை இல்லாமல், மற்றவர்களுக்கும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பரிசோதனைக்குத் தப்பும் ரகமே மேலும் மேலும் பரவ வழி கிடைத்தது. அந்தக் கிட்களைப் பயன்படுத்திய மாகாணங்களில் இந்தப் புதிய ரகம் கொடிகட்டிப் பறந்தது. வேறு கிட் பயன்படுத்திய இடங்களில் அவ்வளவாகத் தலையெடுக்கவில்லை.

கரோனாவில் நாம் பிழைத்தது மூன்று குறிகள் இருந்ததால். ஒற்றைக் குறி மட்டும் வைத்து அது ஸ்பைக் மரபணுவாகவும் இருந்திருந்தால் ஆல்பா நோயாளிகள் ‘நெகட்டிவ்’ சான்றிதழோடு வீட்டுக்குப் போயிருப்பார்கள். செலவைக் குறைக்கிறேன் என்று குறியைக் குறைக்கும் கிட்களை வாங்கும் டெண்டர் குழுக்கள் ஸ்வீடன் கதையைப் படிக்க வேண்டும்.

நடைமுறையில் பெரும்பாலான ஆய்வகங்களில் என்ன நடக்கிறது? 96 குழிகள் உள்ள தட்டு இயந்திரத்துக்குள் போகிறது. ஒவ்வொரு குழிக்கும் ஒவ்வொரு குறிக்கும் தனித்தனி எண் வெளிவருகிறது. அறிக்கை அடிக்கும்போது அத்தனையும் சுருங்கி ஒற்றைச் சொல்லாகிவிடுகிறது: பாசிட்டிவ் அல்லது நெகட்டிவ். நோயாளிக்கு அது போதும். ஆனால் மாநிலத் தரவுத்தளத்துக்கும் அந்த ஒற்றைச் சொல் மட்டுமே போனால், ஆயிரக்கணக்கான தட்டுகள் சொல்ல வந்தது இயந்திரத்தின் கணினியிலேயே கிடந்து, இடம் போதவில்லை என்று ஒருநாள் அழிக்கப்படும். மிச்ச மாதிரி குப்பைக்குப் போகும். அது போய்விட்டால் சந்தேகம் வந்தாலும் வரிசையாக்கம் செய்யக் கையில் ஒன்றும் இருக்காது. போதாததற்கு, வீட்டிலேயே செய்துகொள்ளும் துரிதப் பரிசோதனை பரவிய பிறகு, இந்தத் தகவல் பிறக்கும் வாய்ப்பே சுருங்கிவிட்டது. அதில் தெரிவது கோடு விழுந்ததா இல்லையா என்பது மட்டும்தான், திரிபைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

இன்ஃப்ளூயன்சா, டெங்கு என்று எதற்குப் பிசிஆர் செய்தாலும் இதே வாய்ப்பு உண்டு. இதற்குப் பெரிய முதலீடு தேவையில்லை. குறிவாரியான சிடி எண்களை மாநிலத் தரவுத்தளம் கேட்டு வாங்க வேண்டும். பாசிட்டிவ் மாதிரிகளின் மிச்சத்தைச் சில வாரங்களாவது உறைநிலையில் வைத்திருக்க வேண்டும். தனியார் ஆய்வகங்களையும் இதற்குள் கொண்டுவர வேண்டும்; கௌடெங்கில் முதலில் கவனித்தது ஒரு தனியார் ஆய்வகம்தான். இரவுப் பணியில் தட்டுகளை ஓட்டும் லேப் டெக்னீசியன், ஒரு கோடு வழக்கத்துக்கு மாறாக இருக்கிறது என்றால் யாரிடம் சொல்ல வேண்டும், எந்த எண்ணுக்கு அழைக்க வேண்டும் என்பது ஒவ்வொரு ஆய்வகத்தின் சுவரிலும் எழுதி ஒட்டியிருக்க வேண்டும். ஆய்வக நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மூன்றில் ஒன்று எழாத மாதிரி ஒரே வாரத்தில் நான்கைந்து வந்தால், “மறுபடி ஓட்டிப் பார்” என்பதோடு விட்டுவிடாதீர்கள். வரிசையாக்கக் கூடத்துக்கு ஒரு குழாய் அனுப்பிவையுங்கள்.